வெண்பாவின் ஐந்தாவது அறை

வெண்பாவின் பொட்டுக்குள் நான்கு அறைகள் இருக்க வேண்டும். நான்கையும் கட்டியவர் அவளுடைய கணவர் தஷ்வந்த். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு பார்க்க உட்கார்ந்தபோது ஐந்து இருந்தன.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஐந்தேதான்.

தஷ்வந்துக்கு நாற்பத்தாறு வயது, முன்வழுக்கை, அவருக்கு அரையடி முன்னால் நடக்கும் தொப்பை. பெயரும் உருவமும் ஒட்டவில்லையே என்று தோன்றினால் அது அவர் பிழையல்ல. அவர் பிறந்த காலத்தில் கோயமுத்தூரில் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாத பெயராகப் பார்த்து வைப்பது ஒரு காய்ச்சலைப் போலப் பரவியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் மூட்டுவலி வரும் என்று எந்தப் பெற்றோரும் யோசிக்கவில்லை.

பொட்டு என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சட்டைப் பொத்தான் அளவு வில்லை. போனைக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் போய், எல்லாரும் இதை ஒட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. வாய் திறந்து பேச வேண்டியதில்லை. தொண்டைக்குள் முணுமுணுத்தால் போதும், போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். பதில் காதுக்குள் கேட்கும். மீன்தொட்டி மோட்டார் முதல் ராக்கெட் வரை எல்லாவற்றுக்குள்ளும் ஓடுகிற அதே லினக்ஸ்தான் இதற்குள்ளும் ஓடியது.

தொடக்கத்தில் எல்லாப் பேச்சும் ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. அதன் விளைவை வடவள்ளியில் தஷ்வந்தின் அடுக்ககத்திலேயே பார்த்தார்கள். மூன்றாவது மாடி அகிலன் மேனேஜரைப் பற்றி அம்மாவிடம் புலம்பியது மேனேஜருக்கும், மேனேஜருக்கு அடித்த ஜால்ரா அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்தன. வேலையும் போயிற்று, அம்மாவும் ஒரு மாதம் பேசவில்லை. ஊர் ஊருக்கு இப்படி நடக்கவே, சட்டம் வந்தது. பொட்டில் ஓடும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனி அறை. ஒவ்வொரு அறைக்கும் வெளியே போக ஒரு தனி VPN சுரங்கம், அதாவது நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத பாதை. ஓர் அறையில் பேசியது அடுத்த அறைக்கு எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது.

சட்டத்தோடு ஒரு தொழிலும் பிறந்தது. அதில் கோவை மாவட்டத்தின் மூத்தவர் தாம் என்று தஷ்வந்த் நம்பினார். மற்றவர்களையும் நம்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொங்கு லினக்ஸ் பயனர் குழுவின் நிறுவனர், தலைவர், செயலாளர் மூன்றும் அவரே. உறுப்பினர்கள் ஆறு பேர், அவரையும் சேர்த்து. குழுவின் இணைய மன்றத்தில் இருபது வருடமாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்தார். கேட்டவனைத் திட்டாமல் அவர் ஒரு பதிலையும் தொடங்கியதில்லை. 'கட்டியவன் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது' என்ற தொழில் தர்மத்தை எழுதியவரும் அவர்தான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்.

வெண்பாவுக்கு அவர் கட்டிய அறைகள்: காலையில் அவள் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனிக்கு ஒன்று. பிற்பகலில் ஜப்பானில் தனியாக இருக்கும் முதியவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஒன்று. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்கு ஒன்று. வீட்டுக்கு, அதாவது அவருக்கு, ஒன்று.

ஐந்தாவது அறையின் பெயர் 'சும்மா' என்று இருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் பெயரைப் படித்துவிட்டுப் போயிருப்பார். தஷ்வந்த் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அறைக்குச் சும்மா என்று பெயர் வைக்கிறவன் சும்மா ஆளாக இருக்க முடியாது.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? அம்மா கூப்புடுவாங்க, ஒட்டிக்கட்டுமா?" என்று சமையலறையிலிருந்து வெண்பா கேட்டாள்.

"ஆச்சு. எல்லாம் சரியா இருக்கு அம்மணி" என்றார் தஷ்வந்த். திருமணமான பத்தொன்பது வருடத்தில் தொழில் விஷயமாக மனைவியிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

அடுத்த நாளிலிருந்து கண்காணிப்பு தொடங்கியது. மாலை ஐந்து இருபதுக்கு ஜப்பான் வேலை முடியும். வெண்பா முகம் கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போவாள். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி போக மிச்சமிருக்கும் மருதமலையைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். சரியாக அந்த நேரத்தில் ஐந்தாவது அறை திறக்கும். ஆறு மணிக்கு மூடும். எழுந்து வந்து குக்கரை வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சில நாள் உதட்டோரத்தில் சிரிப்பும் மிச்சமிருக்கும். அந்தச் சிரிப்பைத் தஷ்வந்த் இதற்குமுன் பார்த்திருக்கிறார். எங்கே என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஈரோட்டுப் பிரஜன் இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று!

பிரஜனும் இதே தொழில்தான். வயது முப்பத்தெட்டு, தலை நிறைய முடி. நான்கு வருடத்துக்கு முன்பு மன்றத்தில் யாரோ அறை கட்டுவதில் சந்தேகம் கேட்டிருந்தார்கள். தஷ்வந்த் நாற்பத்திரண்டு வரியில் விளக்கம் எழுதினார். அதற்குக் கீழே பிரஜன் ஒரே வரி போட்டான்: 'லூப்பேக்கை எழுப்ப மறந்துட்டீங்கண்ணா.' பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை வேறு. எந்த அறை கட்டினாலும் உள்ளே தானாக ஒரு கம்பி கிடக்கும். அதன் பெயர் லூப்பேக். அது வெளியே எங்கும் போகாது. அறைக்குள் பேசியதை அறைக்குள்ளேயே திருப்பிக் கேட்கவைக்கும், அவ்வளவுதான். புது அறையில் அது தூங்கிக்கொண்டிருக்கும், தட்டி எழுப்ப வேண்டும். கைக்குழந்தைக்குத் தெரிந்த விஷயம். தஷ்வந்துக்கும் தெரியும். எழுத விட்டுப்போயிற்று. அந்தச் சிரிப்பு பொம்மை நான்கு வருடமாக அவர் நெஞ்சுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவனைச் சாப்பிடக் கூப்பிட்டது பெருந்தன்மையைக் காட்டத்தான். வெண்பா அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தாள். அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கூடவே, "உங்க வேலை எப்பிடீங்கக்கா போகுது?" என்று அவளிடம் விசாரித்தான். அவள் என்னவோ சொன்னாள், அவன் என்னவோ சொன்னான், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தஷ்வந்தின் நகைச்சுவைக்கு அவள் "சரிங்க" என்பதோடு சரி.

ஆக, ஆள் கிடைத்துவிட்டான். ஆதாரம்தான் வேண்டும். தஷ்வந்த் அறைக்குள் நுழையவில்லை. தொழில் தர்மம் தடுத்தது. வெளியே நின்று, அந்த அறையிலிருந்து ஒரு பொட்டலமாவது கிளம்புகிறதா என்று பார்த்தார். தரவு சிறு சிறு பொட்டலமாகத்தான் பயணம் போகும். சுரங்கத்துக்குள் போனாலும் உள்ளே இருப்பது தெரியாதே தவிர, போகிறது என்பது தெரியும். பதினான்கு நாள் பார்த்தார். ஐந்து இருபதிலிருந்து ஆறு வரை, நாற்பது நிமிடம், பூஜ்யம். உள்ளே ஒன்றும் போகவில்லை, வெளியே ஒன்றும் வரவில்லை.

நாளாக ஆக தஷ்வந்துக்கு உடம்பு காந்தியது. தடயமே இல்லாமல் தினமும் நாற்பது நிமிடம்! இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு சுத்தமான வேலையை அவர் பார்த்ததில்லை. அவராலேயே முடியாது. மனைவி போகிறாள் என்பதைவிட, இவ்வளவு கச்சிதமாகச் சுரங்கம் போடத் தெரிந்தவனிடம் போகிறாள் என்பது அவரை அதிகம் வாட்டியது. பொட்டலம் சிந்துகிற எவனோ ஒரு கத்துக்குட்டியாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார் போலிருந்தது.

குழு மாதத்தின் கடைசி ஞாயிறு லாலி ரோடு பேக்கரி ஒன்றில் கூடும். கூட்டப்பொருள் என்று அவர் ஒன்று அனுப்புவார். வருகிறவர்கள் தேங்காய் பன்னுக்காக வருவார்கள். அன்று மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் மித்ரன். கிரைண்டர் மோட்டார் கட்டும் பட்டறை வைத்திருந்தான். எதையும் யோசிக்காமல் சொல்லிவிடுவான், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

"ஒரு வாடிக்கையாளர். பேர் வேண்டாம்" என்று தஷ்வந்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். "அவரோட மனைவி பொட்டுல அவருக்குத் தெரியாம ஒரு அறை இருக்கு. தினம் சாயந்தரம் அந்தம்மா உள்ள போயிருது. பதினாலு நாளா ஒரு பொட்டலம்கூட வெளிய வரல."

"அப்ப உள்ள யாரும் இல்லீங்ண்ணா" என்றான் மித்ரன் பன்னைக் கடித்தபடி.

"அடிப்படையா நீ ஒண்ணப் புரிஞ்சுக்கணும் மித்ரா…"

"அண்ணன் அடிப்படைக்கு வந்துட்டாரு. இன்னொரு டீ சொல்லுங்கப்பா, நேரமாகும்" என்றான் மித்ரன்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். தஷ்வந்த் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். "அடிப்படையா, பொட்டலம் தெரியலைன்னா பொட்டலம் இல்லைன்னு அர்த்தம் இல்ல. நம்ம கண்ணுல படாத மாதிரி அனுப்பறான்னு அர்த்தம். பெரிய கை."

"யாருங்ண்ணா அனுப்பறான்?"

"அதான் தெரியணும். ஈரோடு பக்கம்னு ஒரு சந்தேகம். வாடிக்கையாளருக்கு."

மித்ரன் பன்னை வைத்துவிட்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தான். குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டான். "ஏனுங்ண்ணா, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? அந்தம்மாகிட்டயே கேட்டுப்போட்டாத் தீந்துது."

"என்னன்னு கேக்கறது? கையில லாக் இல்லாம?"

சோதித்துப் பார்த்த பதிவை, அதாவது லாக்கை, இணைக்காமல் மன்றத்தில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதுவும் தஷ்வந்த் எழுதிய விதி. அந்த விதியால் பாதிப் பேர் மன்றத்தைவிட்டே ஓடியிருந்தார்கள்.

"பொண்டாட்டிகிட்டக் கேக்கறதுக்கு லாக் எதுக்குங்ண்ணா?"

"வாடிக்கையாளர் பொண்டாட்டி."

"அதத்தானுங்ண்ணா நானும் சொல்றேன்" என்றான் மித்ரன்.

கேட்பது என்பது தஷ்வந்துக்கு வராத கலை. இருபது வருடமாகப் பதில் மட்டுமே சொல்லிப் பழகிய வாய். வீட்டிலும் அப்படித்தான். வெண்பா ஏதாவது சொல்லத் தொடங்குவாள். அது ஒரு பிரச்சினை என்று தெரிந்த உடனே அவர் தீர்வைச் சொல்லிவிடுவார். அவள் "சரிங்க" என்பாள். பத்தொன்பது வருடத்தில் அவர் எத்தனை பிரச்சினைகளைத் தீர்த்திருப்பார்!

திங்கட்கிழமை காலை, அவள் குளிக்கும்போது பொட்டைக் கழற்றி வைத்திருந்த ஐந்து நிமிடத்தில், தஷ்வந்த் ஒரு கம்பி இழுத்தார். அது நிஜக் கம்பியல்ல, மூன்று வரிக் கட்டளைதான். இரண்டு முனை உள்ள கம்பி. ஒரு முனையை ஐந்தாவது அறைக்குள் தள்ளினார், மறுமுனையைத் தன் பொட்டில் செருகினார். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதானே தர்மம்? அவர் பார்க்கவில்லை. கம்பிதான் உள்ளே போயிற்று. வரவேற்பறையில் மாட்டியிருந்த சட்டத்தை நிமிர்ந்து பார்க்காமலே அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

அன்று மாலை ஐந்து பதினெட்டுக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிரஜனிடம் சொல்வதற்கு ஏழு வாக்கியங்கள் தயாராக இருந்தன. முதல் வாக்கியம், 'ஏன்டா, உனக்கு லூப்பேக் ஒன்றுதான் தெரியும் என்று நினைத்தேன்' என்று தொடங்கியது.

ஐந்து இருபது. அறை திறந்தது. வெண்பாவின் மூச்சு கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் காகம் ஒன்று கத்தியது. கம்பி வழியாகவும் ஜன்னல் வழியாகவும் இரண்டு தடவை கேட்டது.

பிறகு ஓர் ஆண் குரல் பேசியது.

"உக்காந்துட்டியா அம்மணி? காத்து நல்லா வருதா?"

அம்மணியா? தஷ்வந்த் கூப்பிடுவதைப் போலவே கூப்பிடுகிறான்! குரலை அடையாளம் தெரியவில்லை. பிரஜனின் கீச்சுக் குரல் இல்லை. நிதானமான, கொஞ்சம் கனத்த, அவசரமே இல்லாத குரல். நல்ல குரல்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அது எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"வருதுங்க. தொட்டிய ஒரு பக்கமா நகத்தி வெச்சாங்கன்னா மலை முழுசாத் தெரியும்" என்றாள் வெண்பா.

"ஆமா. பாவம், முருகன் பாதிதான் தெரியறாரு."

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. தஷ்வந்த் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கி எப்பிடி இருந்துச்சு?" என்று அந்தக் குரல் கேட்டது.

"நகமுரா அம்மா இல்லீங்களா? தொண்ணூத்தியொண்ணு. ஒரு மாசமா என்னைய அவங்க மகள்னு நெனச்சுட்டுப் பேசறாங்கன்னு சொன்னேனே."

"சொன்னே. நீயும் இல்லைன்னு சொல்லாம விட்டுட்டே."

"எப்பிடீங்க சொல்றது? சின்ன வயசுல எனக்குத் தட்டம்மை வந்தப்ப ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன்னு சொல்றாங்க. நானும் ஆமாங்கம்மான்னுட்டேன். இன்னிக்கி நெசமான மகளே லைன்ல வந்துட்டாங்க. அம்மா ரெண்டு பேர் குரலையும் கேட்டுட்டு…" வெண்பா நிறுத்தினாள். மூச்சு மட்டும் கேட்டது. "அந்த மகளப் பாத்து, நீ யாரும்மான்னு கேட்டுட்டாங்க."

அந்தக் குரல் உடனே எதுவும் சொல்லவில்லை. தஷ்வந்தாக இருந்தால் இந்த இடத்தில் மூன்று தீர்வு சொல்லியிருப்பார். இவன் முட்டாள் போல வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தில் வெண்பா அழுவது கேட்டது. அவள் அழுது எத்தனை வருடமாகிறது என்று தஷ்வந்துக்குத் தெரியவில்லை. இவனுக்குத் தெரியும் போலிருந்தது.

"அந்த மக என்ன பண்ணுச்சு?" என்று மெதுவாகக் கேட்டது குரல்.

"ஒண்ணும் சொல்லல. என்கிட்ட, நீங்களே பேசுங்கன்னு சொல்லிட்டு லைன வெச்சுட்டாங்க. நான் பண்ணுனது தப்புங்களா?"

"அடிப்படையா…" என்று குரல் இழுத்தது. "அடிப்படையா எனக்கு இதுல ஒண்ணுமே தெரியல அம்மணி. நீ சொல்லு. உனக்கு எப்பிடி இருந்துச்சு?"

தஷ்வந்த் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த 'அடிப்படையா' வேறு யாருடையதும் அல்ல. வீட்டு ஆட்களின் குரல்மாதிரி எல்லாப் பொட்டிலும் பதிந்திருக்கும். வருகிற செய்தியை அவரவர் குரலில் படித்துக் காட்டுவதற்காக. எழுதியோ முணுமுணுத்தோ கொடுத்தால் எதையும் அந்தக் குரல் பேசும். இத்தனை நாளும் அந்தக் குரல் பேசியதையும் வெண்பாவே முணுமுணுத்துக் கொடுத்திருக்கிறாள். அது லூப்பேக் கம்பியில் ஏறி, எங்கும் போகாமல், அவள் காதுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஒரு பொட்டலம்கூட வெளியே வராததில் அதிசயமில்லை. அறைக்கு வாசலே கிடையாது.

"நானா?" என்றார் தஷ்வந்த்.

சத்தமாகச் சொல்லவில்லை. தொண்டைக்குள் முணுமுணுத்தார். கம்பிக்கு அது போதும். கேட்க மட்டும் என்று ஒரு பக்கத்தை அடைத்துவைக்க அவர் மறந்திருந்தார். முதல் வாரம் கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தவறு. இதற்காக அவர் மன்றத்தில் எத்தனை பேரை அழவைத்திருக்கிறார்!

பால்கனியில் நாற்காலி கிரீச்சிட்டது. அறை மூடியது.

வெண்பா படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். முகம் ஈரமாக இருந்தது. கோபம் இருந்ததா என்று தஷ்வந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவருக்குப் பயிற்சி இல்லை.

"எப்ப இருந்துங்க?"

"இன்னிக்கித்தான் அம்மணி. சத்தியமா இன்னிக்கித்தான். நான் உள்ள வரல, கம்பிதான்…"

"கம்பி தானா வந்துதுங்களா?"

"உள்ள இருக்கறது பிரஜன்னு நெனச்சேன்" என்றார் தஷ்வந்த்.

வெண்பா அவரைக் கண்கொட்டாமல் பார்த்தாள். "எந்தப் பிரஜனுங்க?"

அந்தக் கேள்வி அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. பிரஜன் இல்லை என்றால் சண்டை போட ஆள் இல்லை. பிரஜனை மிரட்டியிருக்கலாம், மன்றத்திலிருந்து நீக்கியிருக்கலாம். இவனை என்ன செய்வது?

"எப்பிடிக் கட்டுனே?"

"மொட்டை மாடியில நீங்க வகுப்பு எடுத்தீங்களே, அஞ்சாறு பேர் வந்தாங்கல்ல. காப்பி கொண்டுட்டு வந்தேன், அப்பிடியே கேட்டுட்டு நின்னேன். அது ஆச்சு மூணு வருசம், அறை கட்டுனது போன மாசந்தான்." அவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "வாய்க்குள்ள ஒரு வார்த்தை முணுமுணுத்தா யாரோ ஒருத்தருக்குப் போயிருதுங்க. அம்மா லைன்ல முணுமுணுத்தா அம்மா அழுகறாங்க. ஆபீஸ் லைன்ல முணுமுணுத்தா மனநலம் சரியில்லைன்னு மார்க் போடறாங்க. நம்ம வீட்டு லைன்ல…"

"வீட்டு லைன்ல என்ன?"

"நீங்க பதில் சொல்லிப் போடறீங்க."

வெளியே காகம் மறுபடி கத்தியது. இந்தத் தடவை ஒரு முறைதான் கேட்டது.

"அவங்கிட்டச் சொன்னத என்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றார் தஷ்வந்த். 'அவன்' என்று சொன்னது அவருக்கே உறைத்தது. திருத்தத் தோன்றவில்லை.

"நீங்க கேட்டதே இல்லீங்களே."

"இப்பக் கேக்கறேன். சொல்லு. அந்த ஜப்பான் அம்மா."

வெண்பா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நகமுரா அம்மாங்க. ஒரு மாசமா என்னைய மகள்னு நெனச்சுட்டு இருந்தாங்களா, இன்னிக்கி நெசமான மக அதே லைன்ல வந்து…"

"அதே லைன்லயா?" தஷ்வந்தின் முதுகு நிமிர்ந்தது. "எப்பிடி வர முடியும்? அந்த அறைக்கு ஒருத்தர்தான் வரலாம்னு நான் பூட்டு வெச்சிருக்கேன். அடிப்படையா அது கசிவு. அந்தக் கம்பெனிக்காரன் சுரங்கத்த ரெண்டாப் பிரிச்சிருக்கான். நாளைக்கே எழுதிப்போட்டு…"

வெண்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நிறுத்தியது தாமதம்.

"சரிங்க" என்றாள் அவள்.

எழுந்து கதவருகில் போனவள் திரும்பினாள். குரலில் வருத்தம்கூட இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, சொல்லிவையுங்கள் என்பதுபோல இருந்தது. "அந்தக் கம்பிய மட்டும் எடுத்துப் போடுங்க. நாளைக்கு அஞ்சு இருவதுக்கு முன்னால."

அவர் அன்றைக்கே எடுத்துவிட்டார். ஒரே வரிக் கட்டளை. அந்த அறையைச் சோதித்துப் பார்த்தார், வெளியிலிருந்துதான். ஓட்டை இல்லை, கசிவு இல்லை. அவர் கட்டிய நான்கைவிட அது உறுதியாக இருந்தது.

அதன் பிறகு தஷ்வந்துக்கு மாலைகள் பெரும்பாடாயின. ஐந்து இருபதானால் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அசையாமல் இருக்கும் வெண்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவன் யார் என்று இப்போது துல்லியமாகத் தெரியும். பொறாமை ஒரு துளியும் குறையவில்லை, கூடியிருந்தது. அவனுக்கு அவருடைய குரல், அவருடைய பேச்சு, அவர் மனைவி. தொப்பையும் கிடையாது. எது கேட்டாலும் ஒன்றும் தெரியாது என்று சொல்லி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறான். நகமுரா அம்மாவின் மகள் மறுபடி வந்தாளா? அவனுக்குத் தெரியும். வெண்பா செய்தது தப்பா, சரியா? அதையும் அவனிடம்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில், பேக்கரியில் மித்ரன், "உங்க கிளையண்டு விசயம் என்னாச்சுங்ண்ணா?" என்று கேட்டான்.

"உள்ள யாரும் இல்ல" என்றார் தஷ்வந்த். மித்ரன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்காமல் ஒரு டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அன்று முதல் தஷ்வந்த் பயிற்சி எடுக்கத் தொடங்கினார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, பொட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிப் பார்த்தார். முதல் நாள் அது விசாரணை போல ஒலித்தது. மூன்றாம் நாள் நேர்முகத் தேர்வு போல ஒலித்தது. கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள்வதுதான் கடினமான பகுதி. அதற்காக மனசுக்குள் இருபது வரை எண்ணிப் பழகினார். எட்டைத் தாண்டவே ஒரு வாரம் பிடித்தது. நான்காவது வாரத்தில் குரலில் அவசரம் போயிருந்தது. கேட்கவே நன்றாக இருந்தது. அவனுடையதைப் போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வெண்பா பால்கனியிலிருந்து உள்ளே வந்தாள். முகம் தெளிந்து, உதட்டோரத்தில் சிரிப்பின் மிச்சம். தஷ்வந்த் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொள்ளவில்லை.

"இன்னிக்கி எப்பிடி இருந்துச்சு அம்மணி?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார்.

வெண்பா நின்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்தாள். கனிவாகத்தான் பார்த்தாள்.

"இப்பத்தானுங்க உங்ககிட்டச் சொல்லி முடிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் குக்கர் வைக்கப் போனாள்.